அந்தப் பெயரில் யாரும் இல்லை

ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய எங்களுக்கு இங்கே எல்லோரும் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். திரும்பி வருவதென்றால் முதலில் இங்கிருந்து போயிருக்க வேண்டும். நான் பிறந்தது ரங்கூனில். படித்தது, ஆசிரியப் பயிற்சி முடித்தது, ஆறு வருஷம் பாடம் நடத்தியது எல்லாம் அங்கேதான். அறுபதுகளின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தில் கால் வைத்தபோது எனக்கு முப்பது வயது. அதற்கு முன் இந்த ஊரை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எனக்கு இதுதான் வெளிநாடு. அப்படிச் சொன்னால் இங்கே கோபித்துக்கொள்வார்கள் என்பதால் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

அப்பா கூட வரவில்லை. அவர் அங்கே ஒரு மர மில்லில் கணக்குப்பிள்ளை. வெளியேறும் அனுமதிக்கு இருவரும் சேர்ந்துதான் மனுப் போட்டோம். எனக்கு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. எனக்குத் தாய் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவரை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். "நீ முன்னால போய் இடம் பிடிச்சு வை. பின்னாலேயே வந்துடறேன்" என்றார் அப்பா. ஏதோ ரயிலில் துண்டு போட்டு வைக்கச் சொல்வதுபோல்தான் சொன்னார். நானும் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். வேலை தேட வேண்டும், வீடு பார்க்க வேண்டும், அவர் வந்து இறங்கும்போது உட்கார ஓர் இடம் இருக்க வேண்டும். சென்னையில் முதல் வருஷம் எனக்கு வேறு எந்த நினைப்பும் இருந்ததில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் வேலை காலி என்று கேள்விப்பட்டுப் போனேன். பர்மாவில் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் தனக்கா மரப்பட்டைக் குழம்பை அன்றைக்கும் வழக்கம்போலக் கன்னத்தில் தடவிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பவுடருக்கு மாறிவிட்டேன். அது சின்ன விஷயம்.

தலைமை ஆசிரியை என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷி, அதை இப்போதும் சொல்வேன்.

"மார்க்கெல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா இது என்ன பேரு?" என்றார்.

பர்மாவில் பிறந்த கிழமையைப் பார்த்து, இன்ன எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. என்னைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா இறந்துபோனாள். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்தான் பால் கொடுத்து எடுத்து வளர்த்தாள். அவள் என் கிழமையைப் பார்த்து வைத்த பெயர்தான் பள்ளியிலும் பதிவாயிற்று. அப்பா அதைச் சுருக்கிக் கூப்பிடுவார். அவருக்கும் மில்லில் ஒரு பர்மியப் பெயர் இருந்தது. அங்கே இருந்த தமிழர்கள் பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. ராணுவ ஆட்சியில் கெடுபிடி அதிகமானபோது காகிதங்களில் பர்மியப் பெயர் இருப்பதே நல்லது என்று ஆயிற்று. ஜாதகத்தில் எழுதிய தமிழ்ப் பெயர் எனக்கும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

"இதை அட்டெண்டன்ஸ்ல எழுதினா பொண்களெல்லாம் சிரிப்பா. இவ யாரு, என்ன மதம்னு ஆத்துலேர்ந்து வந்து கேட்டுண்டு நிப்பா. நம்ம பேரு ஒண்ணு இருக்குமே?" என்றார் தலைமை ஆசிரியை.

ஜாதகப் பெயரைச் சொன்னேன்.

"இது எவ்வளவு நன்னா இருக்கு. ஒரு அபிடவிட் பண்ணிண்டு வந்துடுங்கோ. திங்கக்கிழமையே சேந்துக்கலாம்."

லஸ் பக்கம் ஒரு தட்டெழுத்துக் கடையில் பத்திரத்தை அடித்துத் தந்தார்கள். இன்று முதல் எல்லாக் காரியங்களுக்கும் இதுவே என் பெயர் என்று உறுதி கூறினேன். "அப்பா பேரு?" என்றார் கடைக்காரர். ஒரு நிமிஷம் யோசித்தேன். என் பெயர் தமிழிலும் அவர் பெயர் பர்மிய மொழியிலும் இருந்தால் மறுபடியும் கேள்வி வரும். அவருடைய தமிழ்ப் பெயரையே சொன்னேன். ரங்கூனில் அனுமதிக்குக் காத்திருந்த மனிதருக்கு மயிலாப்பூரில் பெயர் மாறிப்போனது. அவரைக் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தபால் கிடைப்பதே அதிசயம் என்பதால், பிறகு எழுதிய கடிதங்களிலும் பள்ளியின் முகவரியை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினேன். என் பெயர் மாறிய கதையை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எழுத வெட்கமாகவும் இருந்தது.

அறை கிடைத்தது மாம்பலம் ஸ்டேஷனுக்கு மேற்கே. ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம் ஒன்றின் வீட்டுப் பின்கட்டு. வீட்டுக்கார அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியா இருக்க பொம்பளைக்கு நாங்க வீடு விடுதது கிடையாது. அப்பா வாராவன்னு சொல்லுதீங்க, அதுக்காகத்தான் தாரேன்."

ஆக, வராத அப்பாவின் பேரில்தான் எனக்கு அறையே கிடைத்தது. ஒரு கயிற்றுக் கட்டில் வாங்கி ஜன்னலோரமாகப் போட்டேன். அது அவருக்கு. நான் கீழே பாயில் படுத்துக்கொண்டேன். வெயில் காலத்தில் தரை கொதிக்கும், மழைக் காலத்தில் சுவரெல்லாம் ஓதம் காக்கும். அப்போதும் கட்டிலில் படுத்ததில்லை. காலையில் குழாயடியில் குடத்தோடு வரிசை, வார விடுமுறையில் ரேஷன் கடையில் பையோடு வரிசை. அரிசிக்கு ஊரே அல்லாடிய காலம் அது. "பர்மாவுல அரிசி கொட்டிக் கெடக்குமாமே, அத விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்பார்கள். நான் வந்தேனா, துரத்தினார்களா என்று விளக்கிக்கொண்டிருந்தால் வரிசையில் என் இடம் போய்விடும். சிரித்து வைப்பேன்.

ரங்கூன் கப்பல் வரும் நாட்களில் பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடுவேன். உறவினர் வந்து கையெழுத்துப் போட்டால் ஆளை அங்கிருந்தே அவரோடு அனுப்பிவிடுவார்கள். யாரும் வராதவர்களை பஸ்ஸில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே இருந்த முகாமுக்குக் கொண்டுபோவார்கள். மூன்று கப்பல் வந்தது. அப்பா வரவில்லை. மூன்றாவது தடவை அங்கிருந்த குமாஸ்தா என்மேல் இரக்கப்பட்டு ஒரு பாரத்தை நீட்டினார்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. ஆள் வந்தா உங்களுக்குச் சொல்லி அனுப்பறோம்."

பெயருக்கு ஒரு கோடுதான் இருந்தது. இரண்டு பெயரையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டு எழுதினா எந்த ஆளைன்னு தேடறது? உங்க பேப்பர்ல அப்பா பேரு என்ன இருக்கோ அதையே எழுதுங்க. மாறி இருந்தா விடமாட்டாங்க."

தமிழ்ப் பெயரை எழுதினேன். பட்டியல் எழுதுபவர்கள் ஆளின் வாயைப் பார்த்து எழுதுவதில்லை, கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததா? நானே அப்படித்தானே வந்து இறங்கினேன்? ஒரு வருஷத்தில் நான் அதை மறந்திருந்தேன். எல்லோரும் என்னைத் தமிழ்ப் பெயரால் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அப்பாவும் அங்கேயிருந்து தமிழ்ப் பெயரோடுதான் வருவார் என்று என் புத்தி தானாகவே முடிவு செய்துகொண்டுவிட்டது. இதைவிட நல்ல சமாதானம் என்னிடம் இல்லை.

ரங்கூனில் எங்கள் தெருவில் இருந்த ஒரு குடும்பத்தைத் துறைமுகத்தில் கண்டு, போக்கிடம் இல்லாமல் நிற்கிறார்களே என்று அறைக்கு அழைத்து வந்தேன். ஐந்து பேர், இரண்டு வாரம். அப்பாவின் கட்டிலில் அவர்கள் வீட்டுப் பெரியவர் படுத்தார். அவர்கள் போன மறுநாள் வீட்டுக்கார அம்மாள் வந்தார்.

"அப்பா வந்தா வரட்டும். ஊரே வந்தா எப்படி? இனிமே ஒரு ஆளு வந்தாலும் நீங்க காலி பண்ண வேண்டியதுதான்."

அவர் சொன்னதைச் செய்கிறவர். அறை போனால் அப்பாவுக்கு இடம் இல்லை. அதனால் அடுத்த மாதம் பள்ளி வாசலில் இரண்டு பெண்கள் மூட்டையோடு வந்து என் பர்மியப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது நான் மாடி வராந்தாவில் நின்றுகொண்டு பார்த்தேன். வாட்ச்மேன், "அப்படி யாரும் இங்க கெடையாதும்மா, வேற ஸ்கூலா இருக்கப் போவுது" என்று அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருத்தியை எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் இறங்கிப் போகவில்லை. வகுப்புக்குள் போய், கரும்பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்த கணக்கை அழித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதினேன்.

ஆண்டு ஆய்வு வந்தது. அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பள்ளி முழுவதும் ஒத்திகை. கூட வேலை பார்த்த டீச்சர் எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். கேள்வி கேட்டதும் வகுப்பில் எல்லோரும் கை தூக்க வேண்டும், விடை தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. வலது கைகளாகப் பார்த்துக் கூப்பிட வேண்டியது டீச்சரின் சாமர்த்தியம். ரங்கூனில் நான் இப்படியெல்லாம் செய்ததில்லை. இங்கே செய்தேன். இந்த ஊரில் ஒட்டிக்கொள்ள என்னென்ன செய்யவேண்டுமோ அதையெல்லாம் செய்வதென்று ஏற்கெனவே தீர்மானித்தாயிற்று.

ஆய்வு நாளும் ரங்கூன் கப்பல் வரும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. பேப்பரில் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன்.

"இன்னிக்குப் போய் பர்மிஷன் கேக்கலாமா? உங்களை நிரந்தரம் பண்றதுக்கு அவர்தானே எழுதணும்" என்றார்.

பாரம்தான் கொடுத்திருக்கிறோமே, ஆள் வந்தால் சொல்லி அனுப்புவார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பாடம் பிரமாதமாக நடந்தது. கைகள் சரியாக உயர்ந்தன. அதிகாரி என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாலையில் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, வேலை நிரந்தரம் ஆனமாதிரிதான் என்றார். பாண்டி பஜாரில் இறங்கி, கட்டிலுக்கு ஒரு புதுப் போர்வை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சென்னைக்கு வந்தபின் சந்தோஷமாக நடந்த முதல் மாலை அதுதான். துறைமுகத்திலிருந்து ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, அடைமழை பெய்த ஒரு நாள் மத்தியானம், ஆசிரியைகள் அறையில் டிபன் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தோம். பள்ளி குமாஸ்தா ஒரு கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"இந்தப் பேர்ல நம்ம ஸ்கூல்ல யாராவது இருக்கீங்களா? இங்கிலீஷ்ல டைப் அடிச்சு வந்திருக்கு" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அவர் படித்தது என் பெயர். பிறந்த கிழமைக்குப் பார்த்து வைத்த பெயர். அப்பா சுருக்கிக் கூப்பிடும் பெயர். அவர் வாயில் அது மூன்று துண்டாக உடைந்து வந்தது. ஹிந்தி டீச்சர், "யாரது, சீனாக்காரியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"டீச்சர், நீங்க பர்மாதானே? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று குமாஸ்தா என்னைக் கேட்டார். "ஏதோ முகாம்லேருந்து வந்திருக்கு. யாரையோ வந்து கூட்டிக்கிட்டுப் போகணுமாம்."

சரிதான், அடுத்த குடும்பம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றது கண்முன் வந்தது. ஜன்னலோரக் கட்டிலும் வந்தது.

"தெரியாதுங்க. அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல" என்றேன்.

அவர் நின்ற இடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது. கையை நீட்டியிருந்தால் கார்டு எட்டியிருக்கும். நான் சாதத்தைப் பிசையத் தொடங்கினேன். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், முழு டப்பாவையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிற்று. பாண்டி பஜார் நடைபாதையில் சாயங்காலக் கூட்டத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், அதே பெயரைச் சொல்லி. நாலு எட்டு நிற்காமல் நடந்தேன். மறுபடியும், அப்பா கூப்பிடுவதுபோலச் சுருக்கிக் கூப்பிட்டதும் திரும்பினேன். ரங்கூனில் எங்கள் எதிர்வீட்டு அக்கா. நடைபாதையில் சாக்கை விரித்து சீப்பும் பிளாஸ்டிக் டப்பாவும் விற்றுக்கொண்டிருந்தார்.

"காது கேக்கலியா ஒனக்கு? சரி, அப்பாவுக்கு எப்படி இருக்கு? ஜொரம் விட்டுச்சா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா ரங்கூன்லதானே இருக்காரு?" என்றேன்.

அக்கா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். "என்னடி பேசுற? எங்க கப்பல்லதானே வந்தாரு. துறைமுகத்துல சாயங்காலம் வரைக்கும் ஒன்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் எல்லாரையும் பஸ்ல ஏத்திட்டாங்க. முகாம்ல ஜொரமாப் படுத்துட்டாரு. பொண்ணுக்குக் கார்டு போட்டாச்சு, வந்துடுவான்னு சொன்னாரே. கார்டு போட்ட மறுவாரமே நான் இங்க வந்துட்டேன்."

அக்கா மேலே பேசியது எதுவும் நினைவில் இல்லை. கையில் இருந்த காய்கறிப் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

முதல் ரயிலில் போனேன். முகாம் அலுவலகம் ஓலைக் கொட்டகை. ஒரு மேஜை, ஒரு பெரிய ரிஜிஸ்தர், மழையில் ஊறிய வாசனை. அப்பாவின் தமிழ்ப் பெயரைச் சொன்னேன். இல்லை என்றார் அங்கிருந்த குமாஸ்தா. பர்மியப் பெயரைச் சொன்னேன். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பொண்ணு."

"உக்காருங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பத்து நாளைக்கு முன் இறந்திருக்கிறார். அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்களே சேர்ந்து எரித்துவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதை மகளிடம் கொடுக்கலாம், அதற்கு நான் மகள் என்று காட்ட வேண்டும் என்றார். என் பத்திரத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"இதுல அப்பா பேரு வேற, உங்க பேரும் வேற. அவர் எழுதிக் குடுத்த பேரு இது" என்று ஒரு கார்டை எடுத்து மேஜையில் போட்டார். "இதுல இருக்கற ஸ்கூலுக்குத்தாம்மா எழுதினோம். அப்படி யாரும் இல்லைன்னு திருப்பிட்டாங்க."

கார்டைப் பார்த்தேன். தட்டெழுத்தில் என் பர்மியப் பெயர், கீழே பள்ளியின் முகவரி. குறுக்கே சிவப்பு மையில் 'இந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை' என்று எங்கள் குமாஸ்தாவின் குண்டு எழுத்து. நான் சொன்ன வார்த்தையை அவர் அப்படியே எழுதியிருந்தார்.

"அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"காட்டினோம். அவர் நம்பல. 'யாரோ தெரியாம எழுதியிருப்பாங்க, என் பொண்ணு அங்கதான் டீச்சர், எனக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கா, இன்னொரு கார்டு போடுங்க'ன்னாரு. போடலாம்னு எடுத்து வெச்சோம். அதுக்குள்ள..." அவர் ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பினார். "அந்தப் பேர்ல கையெழுத்துப் போடுவீங்களா? போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. யார் கேக்கப்போறாங்க."

போட்டேன். ஒன்றரை வருஷம் எழுதாத பெயர், கை தடுமாறவில்லை.

பெட்டியோடு மாம்பலத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தார்.

"அப்பா வந்துட்டாவளா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பெட்டியைக் கட்டிலின்மேல் வைத்தேன். புதுப் போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது.